பல்லின் வேரைக் கண்ட வரலாறு

சில ஆண்டுகளுக்கு முன் என் மேல்தாடைக் கடைவாய்ப்பல் ஒன்று எனக்கு வரலாறு கற்பித்தது. நான் மருத்துவன் அல்லேன். வரலாறு படித்தவன், மாணவர்களுக்கு வரலாறு சொல்லியே காலம் கழித்தவன். ஆயினும் இன்று உங்கள்முன் பல்லைப் பற்றிப் பேச வந்திருக்கின்றேன் என்றால், அதற்கு அந்தப் பல்லே காரணம்.

அந்தப் பல் சொத்தையாயிற்று. சொத்தை உள்ளே இறங்கி நரம்பைத் தொட்டுவிட்டது. மருத்துவர் ஒருவர் பல்லைப் பிடுங்காமல், உள்ளே கெட்டுப்போன சதையை மட்டும் எடுத்துத் துப்புரவு செய்து, வெற்றிடத்தை அடைத்தார். ‘ரூட் கெனால்’ என்று இன்று எல்லோரும் சொல்லும் சிகிச்சைதான் அது. மூன்று குழல்கள் இருந்தன, மூன்றையும் அடைத்தாயிற்று என்று கூறி, சான்றாக எக்ஸ் கதிர்ப் படத்தையும் காட்டினார். படத்தில் மூன்று வெள்ளைக் கோடுகள் வேர்களின் நுனிவரை ஒழுங்காக ஓடியிருந்தன. படத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் வலி மட்டும் போகவில்லை. மாதங்கள் சென்றன. சூடான காப்பி பட்டால் அந்தப் பல் தன் இருப்பை எனக்கு நினைவூட்டும். இரவில் அந்தப் பக்கம் தலை சாய்த்துப் படுக்க இயலாது. பல்லைப் பிடுங்கிவிடலாம் என்று முடிவு செய்யும் நிலைக்கு வந்த பிறகு, வேறொரு மருத்துவர் வேறொரு வகைப் படம் எடுத்துப் பார்த்தார். முதற்குழலின் அருகிலேயே, மயிரிழை போல, நான்காவது குழல் ஒன்று தெரிந்தது.

முதலில் சிகிச்சை செய்தவர் கவனம் இல்லாதவர் என்று நான் சொல்லமாட்டேன். அவர் பார்த்த படத்தில் அந்தக் குழல் இல்லை. படத்தில் இல்லாதது பல்லிலும் இல்லை என்று அவர் நம்பினார், நானும் நம்பினேன். இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது, எத்தனை முறை மனிதர்களை ஏமாற்றியது, அதைத் திருத்த யார் யார் என்ன விலை கொடுத்தனர் என்பதைத் தேடிப் படித்தபோது, ஒரு நல்ல வரலாறு கிடைத்தது. அதைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப் போகின்றேன்.

முதலில் பல்லின் அமைப்பைச் சிறிது நினைவுபடுத்திக்கொள்வோம். வெளியே தெரிவது எனாமல் என்னும் வெண்மையான கவசம்; நம் உடலில் இதைவிடக் கடினமான பொருள் வேறு இல்லை. அதன் உள்ளே டென்டின் என்னும் உறுதியான பகுதி. அதற்கும் உள்ளே, பல்லின் நடுவில், ஓர் அறை இருக்கிறது. நரம்பும் இரத்தக் குழாய்களும் கலந்த மெல்லிய பற்கூழ் அந்த அறையில் நிறைந்திருக்கிறது. அறையின் அடியிலிருந்து ஒவ்வொரு வேரின் வழியாகவும் ஒரு நுண்ணிய பாதை இறங்கி, வேரின் நுனியில் உள்ள துளை வழியாகத் தாடையெலும்பை அடைகிறது. இந்தப் பாதையே வேர்க்குழல். பல இடங்களில் அதன் அகலம் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. குழல் என்று சொன்னவுடன் புல்லாங்குழல் போல நேரான ஒன்றை எண்ணிக்கொள்ள வேண்டா. இரண்டு குழல்கள் ஒன்றாகும். ஒன்று இரண்டாகப் பிரியும். பிரிந்தவை மீண்டும் கூடும். பக்கவாட்டில் கிளைகள் ஓடும். ஆற்றின் கழிமுகம் ஒன்றை ஒரு வேரின் அளவுக்குச் சுருக்கி வைத்தாற் போன்றது அது.

மூடிக்கிடக்கும் இந்த அமைப்பை அறிவது எப்படி? பத்தொன்பதாம் நூற்றாண்டின் அறிஞர்களுக்கு ஒரே வழிதான் இருந்தது: பிடுங்கிய பல்லை அறுத்துப் பார்ப்பது. வியன்னாவில் கராபெல்லி 1840-களில் இவ்வாறு ஆராய்ந்து படங்கள் வெளியிட்டார். அமெரிக்காவில் ஜி. வி. பிளாக் 1890-ஆம் ஆண்டில் மனிதப் பற்களின் உடற்கூற்றை விரித்து ஒரு நூல் எழுதினார். இவர்கள் செய்தது பெரும் பணி. ஆனால் அறுத்த பல் அதோடு முடிந்தது. அறுவாளின் பாதையில் சிக்கிய குழல் கண்ணுக்குத் தெரியும். சிக்காத குழல் தூளோடு தூளாகப் போகும். அன்றியும், நோயாளியின் வாயில் இருக்கும் பல்லை அறுத்துப் பார்க்க முடியாது. எந்தப் பல்லைக் காப்பாற்ற வேண்டுமோ, அந்தப் பல்லைப் பற்றி ஒன்றும் அறிய இயலாத நிலைமை.

அந்த நிலைமை ஒரு குளிர்காலத்தில் மாறிற்று. 1895-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள் ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகரில் ராண்ட்ஜென் தம் ஆய்வுக்கூடத்தில் புதிய கதிர் ஒன்றைக் கண்டார். அதன் இயல்பு அறியப்படாமையால், கணிதத்தில் அறியாத எண்ணைக் குறிக்கும் எக்ஸ் என்னும் எழுத்தையே அதற்குப் பெயராக இட்டார். ஆண்டின் இறுதியில் செய்தி வெளியாயிற்று. அடுத்த மாதமே, 1896 ஜனவரியில், பிரவுன்ஷ்வைக் நகரத்துப் பல் மருத்துவர் ஆட்டோ வால்க்ஹாஃப் தம் பற்களையே இக்கதிரால் படம் பிடிக்கத் துணிந்தார். கண்ணாடித் தகடு ஒன்றைக் கறுப்புத் தாளிலும் ரப்பரிலும் சுற்றி வாயில் வைத்துக்கொண்டு, 25 நிமிடம் அசையாது கிடந்தார். இன்று நொடியின் ஒரு சிறு பகுதியில் முடியும் வேலை அது. கிடைத்த படம் மங்கலானதே. ஆயினும் உயிருள்ள மனிதனின் பல்லை உடைக்காமல் அதன் உட்புறத்தைக் கண்ட முதற்படங்களில் அது ஒன்று.

அதே 1896-இல், அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தைச் சேர்ந்த எட்மண்ட் கெல்ஸ் என்னும் பல் மருத்துவர் தம் நாட்டு மருத்துவர்கள் கூடிய மாநாடு ஒன்றில் இக்கதிரின் பயனைச் செய்து காட்டினார். 1899-ஆம் ஆண்டு அளவில் அவர் மற்றொரு முக்கியமான செயலையும் செய்தார். வேர்க்குழலினுள் ஈயக் கம்பி ஒன்றைச் செலுத்திப் படம் எடுத்தார். ஈயம் கதிரைத் தடுக்குமாதலால் கம்பி படத்தில் தெளிவாகத் தெரிந்தது. அது வேரின் நுனியை எட்டியதா இல்லையா என்பதும் தெரிந்தது. அதுவரை பல் மருத்துவன் கண்ணைக் கட்டிக்கொண்டு கிணற்றின் ஆழம் பார்ப்பவனாக இருந்தான். இப்போது அவன் கைக்கு ஓர் அளவுகோல் கிடைத்தது. இன்றும் வேரின் நீளத்தைப் படத்தால் அளக்கும் மருத்துவர் ஒவ்வொருவரும் கெல்ஸ் காட்டிய வழியில்தான் செல்கின்றார்.

ஆனால் அவர் கொடுத்த விலை பெரிது. அக்காலத்துக் கதிர்க்குழாய்கள் ஒரு நாள் போல் மறுநாள் வேலை செய்வதில்லை. குழாய் சரியாக இயங்குகிறதா என்று பார்க்க, மருத்துவர்கள் தங்கள் கையையே கதிரின் முன்னே நீட்டி, எலும்பின் நிழல் தெளிவாக விழுகிறதா என்று நோக்குவது வழக்கம். கெல்ஸும் ஆண்டுக்கணக்கில் அவ்வாறே செய்தார். கதிர் வலி தருவதில்லை. ஆகவே அது தீங்கு செய்வதாகவும் எவருக்கும் தோன்றவில்லை. பாஸ்டன் நகரத்துப் பல் மருத்துவர் வில்லியம் ராலின்ஸ் 1901-ஆம் ஆண்டிலேயே கினிப் பன்றிகளைக் கொண்டு சோதித்து, இக்கதிர் உயிரையும் போக்கும் என்று காட்டி, ஈயத்தால் மறைப்புச் செய்யுங்கள் என்று எச்சரித்தார். அந்த எச்சரிக்கையைக் கேட்டவர் சிலரே. கெல்ஸின் கையில் புற்றுநோய் தோன்றிற்று. முதலில் விரல்கள், பிறகு கை, பிறகு தோள்வரை என்று அறுவை மேல் அறுவையாக நடந்தது. நீண்ட துன்பத்திற்குப் பின் 1928-ஆம் ஆண்டில் அவர் மறைந்தார்.

கெல்ஸ் தம் கையைப் பற்றிக் கவலைப்பட்டதைவிட வேறொன்றைப் பற்றி அதிகம் கவலைப்பட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது. அது என்ன என்பதை அறிய, அக்காலத்துப் பெருஞ் சர்ச்சை ஒன்றை நாம் காண வேண்டும். 1910-ஆம் ஆண்டில் வில்லியம் ஹன்ட்டர் என்னும் பிரிட்டிஷ் மருத்துவர் கனடாவின் மான்ட்ரியால் நகரில் ஒரு சொற்பொழிவு ஆற்றினார். பல்லில் ஒளிந்திருக்கும் நச்சுக் கிருமிகளே உடலின் பல நோய்களுக்கும் காரணம் என்பது அவர் வாதம். இக்கொள்கை காட்டுத்தீயாகப் பரவிற்று. மூட்டுவலியா? பல்லைப் பிடுங்கு. வயிற்று நோயா? பல்லைப் பிடுங்கு. நரம்பு எடுத்த பல் எதுவாயினும் ஐயத்திற்கு உரியதாயிற்று. அந்த ஐயத்திற்குச் சான்றாக மருத்துவர்கள் நீட்டியது எதை? எக்ஸ் கதிர்ப் படத்தைத்தான். வேரின் நுனியில் சிறிது கருமை தெரிந்தால் போதும். சிலருக்கு அதுகூட வேண்டியிருக்கவில்லை. ஆயிரக்கணக்கான மக்கள் காப்பாற்றத்தக்க பற்களை இழந்தனர்.

தாம் வளர்த்த கருவி இவ்வாறு பல்லைக் கொல்லும் கருவியானதைக் கெல்ஸால் பொறுக்க முடியவில்லை. 1920-ஆம் ஆண்டில் அவர் ஒரு கட்டுரை எழுதினார். பல் மருத்துவத்தில் எக்ஸ் கதிரைப் பற்றிய அக்கட்டுரையின் தலைப்பிலேயே ‘இக்காலத்தின் குற்றம்’ என்னும் சொல்லைப் பொறித்தார். பல்லைக் காக்கப் பிறந்த படத்தைக் காட்டிப் பல்லைப் பிடுங்குவதே அந்தக் குற்றம். மாணவர்களே, இதை நன்கு சிந்தியுங்கள். கதிரால் கையை இழந்துகொண்டிருந்த மனிதர் கதிரைப் பழிக்கவில்லை; அதைத் தவறாகப் படித்தவர்களையே பழித்தார்.

தவறாகப் படிக்கும்படி அந்தப் படத்தில் என்னதான் இருந்தது? எக்ஸ் கதிர்ப் படம் என்பது ஒரு நிழல். மூன்று பக்கமும் பரந்த பொருளை ஒரு தட்டையான தாளில் அது அமுக்கிவிடுகிறது. நம் கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்தில் தூண்களின் வரிசைக்கு நேராக நின்று பாருங்கள். முதல் தூண் ஒன்றே தெரியும். அதன் பின்னே பத்துத் தூண்கள் நிற்பதை அது மறைத்துவிடும். ஓரடி விலகி நின்றால் பின்வரிசை வெளிப்படும். அவ்வாறே கன்னத்தின் பக்கமாக இருந்து எடுக்கும் படத்தில், ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் இரு குழல்கள் ஒரே கோடாகத் தெரியும். சார்லஸ் கிளார்க் என்பவர் கதிர்க்குழாயைச் சற்றே நகர்த்தி இரண்டாவது படம் எடுத்தால் எது முன்னது, எது பின்னது என்று பிரித்தறியலாம் எனக் கண்டு, 1910-ஆம் ஆண்டில் வெளியிட்டார். எளிய முறை, இன்றும் கற்பிக்கப்படுவது. ஆனால் எவ்வளவு நகர்த்தினும் நிழல் நிழலே.

நிழல் மறைத்ததை அம்பலப்படுத்தியவர் ஒரு சுவிட்சர்லாந்து அறிஞர். சூரிக் நகரத்தில் வால்ட்டர் ஹெஸ் என்பவர், பிடுங்கிய பற்களின் உட்புறத்தில் ரப்பரை அழுத்திச் செலுத்தி, அதைச் சூடேற்றிக் கெட்டியாக்கி, பிறகு பல்லை அமிலத்தில் கரைத்தார். பல் மறைந்தது, பல்லின் உள்ளிருந்த வெற்றிடம் மட்டும் கையில் நின்றது. 1917-ஆம் ஆண்டில் அவர் ஆராய்ச்சி வெளியாயிற்று. 1925-இல் ஆங்கிலத்தில் நூலாக வந்தபோது உலகத்து மருத்துவர் பலரும் அதைக் கண்டனர். ஏறத்தாழ 2,800 பற்களை அவர் இவ்வாறு வார்த்திருந்தார். நேரான குழலை எதிர்பார்த்தவர்கள் கண்டது செடியின் வேர்க்கொத்தை. மேல்தாடைக் கடைவாய்ப்பல்லின் நான்காவது குழல், என் பல்லில் பின்னாளில் ஒளிந்து நின்ற அதே வகைக் குழல், அந்த வார்ப்புகளிலேயே இருந்தது.

ஹெஸ்ஸின் முறைக்கும் குறை உண்டு. அழுத்திச் செலுத்திய ரப்பர் உள்ள கிளைகளை மட்டும் காட்டுகிறதா, அன்றி மெல்லிய இடங்களைப் பிளந்து புதிய கிளைகளையும் உண்டாக்கிவிட்டதா என்று கேட்டால், விடை சொல்லப் பல் இல்லை, அது கரைந்துபோயிற்று. பின்வந்தோர் வேறு வழிகளை நாடினர். அமெரிக்காவில் வைன் என்பவரும் அவர் துணைவரும் 208 பற்களில் மேல்தாடை முதற்கடைவாய்ப்பல்லின் கன்னப்புற முன்வேரை அறுத்துப் பார்த்து 1969-இல் முடிவு வெளியிட்டனர். ஏறத்தாழ பாதியில் இரண்டு குழல்கள் இருந்தன. வெர்ட்டூச்சி என்பவர் பற்களின் சுண்ணச் சத்தை நீக்கி, கண்ணாடி போல் ஒளி புகும்படி ஆக்கி, குழல்களில் சாயம் ஏற்றினார். 2,400 பற்களை ஆராய்ந்து, குழல்கள் பிரிவதையும் சேர்வதையும் எட்டு வகைகளாக வகுத்து 1984-இல் வெளியிட்டார். இன்றும் பல் மருத்துவ மாணவர்கள் அந்த எட்டு வகைகளையே மனப்பாடம் செய்கின்றனர். ஆயினும் இவை யாவும் பிடுங்கிய பற்களைப் பற்றிய அறிவு. வைன் சொன்னபடி பாதிப் பேருக்கு நான்காம் குழல் உண்டு. சரி, என் முன்னே அமர்ந்திருக்கும் இந்த நோயாளி எந்தப் பாதியைச் சேர்ந்தவர்? இக்கேள்விக்கு அந்த அறிவால் விடை கூற முடியாது.

விடைக்கான விதை, ஹெஸ்ஸின் ஆராய்ச்சி வெளிவந்த அதே 1917-ஆம் ஆண்டில், பல்லோடு சிறிதும் தொடர்பில்லாத ஒருவரால் ஊன்றப்பட்டது. யோஹான் ராடோன் என்னும் ஆஸ்திரியக் கணித அறிஞர், ஒரு பொருளை எல்லாத் திசைகளிலிருந்தும் ஊடுருவி அளந்த அளவுகள் கையில் இருந்தால், அவற்றைக் கொண்டு அப்பொருளின் உட்புறத்தைப் புள்ளி புள்ளியாக மீட்டுவிடலாம் என்று கணித முறையில் நிறுவினார். எளிமையாகச் சொன்னால், ஒரு நிழல் ஏமாற்றும். எல்லாப் பக்கத்து நிழல்களும் சேர்ந்தால் ஏமாற்ற முடியாது. அவ்வளவு கணக்கையும் மனிதன் கையால் போட்டு முடிக்க இயலாது. கணிப்பொறி வரும்வரை அந்த அறிவு காத்திருந்தது.

1960-களில் கார்மாக் என்னும் இயற்பியல் அறிஞர் இத்தகைய கணக்கைத் தாமே புதிதாக வகுத்தார். இங்கிலாந்தில் ஹவுன்ஸ்ஃபீல்டு என்னும் பொறியியலாளர் அதற்குரிய கருவியைச் செய்தார். 1971-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் லண்டனின் ஒரு மருத்துவமனையில் அக்கருவி முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளையைப் படம் பிடித்தது. ஸீ. டி. ஸ்கேன் என்று நீங்கள் கேள்விப்படுவது இதுவே. இருவருக்கும் 1979-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அந்த முதற்படம் பக்கத்திற்கு 80 கட்டங்கள் கொண்ட ஒரு சதுரம். ஒவ்வொரு கட்டமும் ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர் அகலம். மூளையில் உள்ள கட்டியைக் காண அது போதும். அரை மில்லிமீட்டர் குழலைக் காண அது மீன்வலையால் கொசுவைப் பிடிப்பது போன்றது. 1990-ஆம் ஆண்டில் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்களான டாச்சிபானாவும் மட்சுமோட்டோவும் ஸீ. டி.யைப் பல்வேர் மருத்துவத்திற்குப் பயன்படுத்த முயன்று, படம் போதிய நுட்பம் அற்றது, கதிரின் அளவும் செலவும் மிகுதி என்று நேர்மையாக எழுதினர்.

அதன்பின் வழி இரண்டாகப் பிரிந்தது. ஒன்று ஆய்வுக்கூடத்திற்குச் சென்றது. மற்றொன்று நோயாளியிடம் வந்தது.

ஆய்வுக்கூட வழி 1982-இல் லண்டனில் தொடங்கியது. எலியட், டோவர் என்னும் இருவர் சிறு நத்தை ஓடு ஒன்றை நுண்ணிய ஸீ. டி. முறையில் படம் பிடித்தனர். அதில் ஒரு மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கு அளவான நுட்பங்கள்கூடத் தெரிந்தன. இம்முறையை 1990-களில் பல்லாராய்ச்சியாளர்கள் கைக்கொண்டனர். 2000-ஆம் ஆண்டை ஒட்டி, ஹெஸ் பற்களைக் கரைத்த அதே சூரிக் நகரத்தில், பீட்டர்ஸ் என்பவரும் அவர் துணைவரும் ஒரே பல்லைச் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் படம் எடுத்து, இரண்டையும் கணிப்பொறியில் ஒன்றன்மேல் ஒன்று பொருத்திப் பார்த்தனர். ஹெஸ்ஸுக்குக் கிட்டாத பேறு இது. பல் கரையவில்லை, திரும்பத் திரும்பக் கேள்வி கேட்கலாம். 2001-இல் அவர்கள் வெளியிட்ட முடிவு மருத்துவரின் செருக்கை அடக்குவது: எந்த வகைக் கருவியால் தேய்த்தாலும், குழற் சுவரின் பரப்பில் 35 விழுக்காடோ அதற்கு மேலோ கருவி படாமலே இருந்துவிடுகிறது. ‘சுத்தம் செய்தாயிற்று’ என்ற சொல்லின் பொருள் அன்று மாறிற்று. கருவி எட்டாத மூலைகளைக் கிருமிநாசினி நீர்மங்களால் கழுவுவது எவ்வளவு இன்றியமையாதது என்பதை அந்தப் படங்கள் அளந்து காட்டின.

இத்தகைய நுண்படத்தை உயிருள்ள மனிதருக்கு எடுக்க இயலாது. அதற்கு வேண்டிய கதிரும் நேரமும் மிகுதி. ஆகவே இரண்டாவது வழி தேவைப்பட்டது. இத்தாலியில் வெரோனா நகரத்தைச் சேர்ந்த மோட்சோ குழுவினர் 1998-இலும், ஜப்பானில் அராய் குழுவினர் 1999-இலும், கதிரைக் கூம்பு வடிவமான கற்றையாகப் பாய்ச்சித் தலையை ஒரு முறை சுற்றியே முழுப்படத்தையும் பெறும் கருவிகளை வெளியிட்டனர். கூம்புக் கற்றை ஸீ. டி. என்பது இதன் பெயர். இதனால், வாயில் இருக்கும் பல்லை வேண்டிய திசையில் வேண்டிய இடத்தில் திரையின்மேல் அறுத்துப் பார்க்கலாம். பல்லுக்கு ஒரு கீறலும் விழாது. பிளாக்கின் அறுவாள் செய்ததை இப்போது ஒளி செய்கிறது.

இதன் பயன் ஒருவர் பல்லோடு நிற்கவில்லை. மக்கள் கூட்டத்திற்குக் கூட்டம் பல்லின் வேரமைப்பு வேறுபடுகிறது. கீழ்த்தாடை இரண்டாம் கடைவாய்ப்பல்லின் குழல்கள் ஒன்றோடொன்று இணைந்து பிறைபோல் வளைந்திருக்கும் அமைப்பு, ஐரோப்பியரைவிடச் சீனர், கொரியர் முதலான கிழக்காசிய மக்களிடையே மிகுதி. ஐரோப்பியப் பற்களைப் பார்த்து எழுதிய நூலை மட்டும் நம்பினால் பிற நாட்டு நோயாளி துன்புறுவார். ஆகவே நாடுதோறும் தம் மக்களின் பற்களை ஆராயத் தொடங்கினர். நம் சென்னையிலிருந்தும், இந்தியரின் மேல்தாடைக் கடைவாய்ப்பற்களைக் கூம்புக் கற்றை முறையில் ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2010-இல் உலக இதழில் வெளிவந்தது.

இன்னும் பின்னோக்கியும் இக்கண் செல்கிறது. குரோவேஷிய நாட்டில் கிராப்பினா என்னும் இடத்தில் 1899 முதல் நியாண்டர்தால் மனிதரின் எலும்புகளும் பற்களும் தோண்டி எடுக்கப்பட்டன. கிடைத்தற்கரிய அப்பற்களை அறுக்கவோ கரைக்கவோ யார் துணிவார்? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அவற்றை எக்ஸ் கதிரால் பார்த்தனர். உள்ளறை கீழ்நோக்கி நீண்டு, வேர்கள் மிகத் தாழ்விலேயே பிரிந்தன. மாட்டின் பல்லை ஒத்த இவ்வமைப்புக்கு ஆர்தர் கீத் 1913-இல் ‘எருதுப்பல்’ என்னும் பொருள்படப் பெயரிட்டார். எழுத்தறியாத மனிதன் விட்டுச்சென்ற ஏடாக ஒரு பல்லின் வேர் நின்றது. ஏட்டைக் கிழிக்காமல் அதைப் படிக்கக் கதிர் உதவிற்று.

இவ்வளவும் கேட்ட நீங்கள், இனி எல்லோருக்கும் எல்லாப் பல்லுக்கும் இப்புதுப் படத்தையே எடுத்துவிடலாமே என்று எண்ணக்கூடும். கெல்ஸின் கையை மறந்துவிட்டவர்களே அவ்வாறு எண்ணுவர். கூம்புக் கற்றைப் படத்தின் கதிரளவு சாதாரணப் பற்படத்தின் அளவைவிட மிகுதி. ஆகவே அமெரிக்கப் பல்வேர் மருத்துவர் சங்கமும் வாய்க்கதிர்ப்பட வல்லுநர் கழகமும் சேர்ந்து வெளியிட்டு 2015-இல் புதுப்பித்த நெறிமுறை, சிறிய படத்தால் விடை கிடைக்காத கேள்வி இருக்கும்போது மட்டுமே பெரிய படத்தை நாடுக என்கிறது. அன்றியும் இந்தப் படமும் பொய் சொல்லும். பல்லில் உலோகக் கம்பியோ உறையோ இருந்தால் அதைச் சுற்றிக் கோடுகளும் கருநிழல்களும் விழும். இல்லாத வெடிப்பு இருப்பதுபோல் தோன்றும். நோயாளி சற்று அசைந்தாலும் படம் குழம்பும். படத்தின் கட்டத்தைவிடச் சிறிய குழல் அதில் தெரியவே தெரியாது.

என் பல்லுக்குத் திரும்புகிறேன். நான்காவது குழலைப் படத்தில் கண்ட மருத்துவர் உடனே மகிழ்ந்துவிடவில்லை. ‘படம் இருக்கிறது என்று சொல்கிறது, நான் போய்ப் பார்க்க வேண்டும்’ என்றார். நுண்ணோக்கியின் கீழ்ப் பல்லைத் திறந்தார். படம் காட்டிய இடத்தில் மிக மெல்லிய ஊசிக்கருவியால் மெதுவாகத் தடவினார். நெடுநேரம் ஒன்றும் அகப்படவில்லை. பிறகு ஊசி எங்கோ சிக்கிற்று. ‘இதோ’ என்று அவர் சொன்ன ஒரு சொல்லும், அதற்கு முன் அவர் காத்த மௌனமும் இன்றும் என் நினைவில் இருக்கின்றன. சில நாட்களில் வலி நின்றது. அந்தப் பல் இன்னும் என் வாயில் இருக்கிறது.

மாணவ நண்பர்களே, உங்களில் சிலர் நாளை மருத்துவர் ஆவீர்கள். சிலர் பொறியியலாளர், சிலர் என்னைப் போல் வரலாற்று ஆசிரியர் ஆவீர்கள். எத்துறையில் சென்றாலும் உங்கள் மேசைமேல் ஒரு படம் வந்து விழும். அது எக்ஸ் கதிர்ப் படமாக இருக்கலாம். ஒரு கல்வெட்டின் படியாக இருக்கலாம். ஒரு கணக்கேட்டின் புள்ளியாக இருக்கலாம். வால்க்ஹாஃப் 25 நிமிடம் கிடந்ததும், ராலின்ஸ் எச்சரித்ததும், கெல்ஸ் கையிழந்தும் கண்டித்து எழுதியதும், ஹெஸ் ஆயிரக்கணக்கில் வார்த்ததும், உங்களுக்கு அந்தப் படத்தைத் தருவதற்காக. அதை நன்றியோடு எடுத்துப் பாருங்கள். எந்தத் திசையில் நின்று எடுத்தது, எதை முன்னே நிறுத்தி எதைப் பின்னே மறைத்தது என்று கேளுங்கள். படத்தில் காணாததை ‘இல்லை’ என்று எழுதாமல் ‘காணவில்லை’ என்று எழுதப் பழகுங்கள். அந்த இரண்டு சொற்களுக்கு இடையிலே என் பல் ஒன்று பிழைத்தது.